பச்சை ஸ்டிக்கர் படும் பாடு

ஊரார் வீட்டுப் பிள்ளைகள் ஒரு வரியைத் தடவித் தடவி வாசித்து முடிக்கும்வரை, முகத்தில் சிரிப்பு மாறாமல் உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம் தருகிற தொழில் ஒன்று உண்டு. அதற்கு ஆங்கில வாசிப்பு டீச்சர் என்று பெயர்.

எங்கள் பாடசாலை வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. ரயில் போகும்போது பாடம் நிற்கும். ரயில் போனபின் பாடம் தொடரும். எதைச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது மட்டும் ரயிலோடு போய்விடும். நான் படிப்பிப்பது நான்காம் தரத்து இருமொழி வகுப்பு. இடைவேளைக்கு முன் தமிழில் பாடம், பின் ஆங்கிலத்தில். ஆங்கில வாசிப்புப் புத்தகங்களின் முதுகில் நிறம் நிறமாக ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சிவப்பில் தொடங்கி, மஞ்சள், பச்சை, நீலம் என்று பிள்ளை ஏறவேண்டும். வருடக் கடைசியில் ஒரு சோதனை. பச்சைக்கு வராத பிள்ளை அடுத்த வருடம் முழுத் தமிழ் வகுப்புக்குப் போகும். தமிழ் வகுப்பு அப்படியொன்றும் பாழுங்கிணறு அல்ல. அங்கே அருமையான டீச்சர்மார் இருக்கிறார்கள். ஆனாலும் எங்கள் பாடசாலையில் இதற்கு ஒரு சொல் புழங்குகிறது: 'இறக்கிறது'. டிக்கெட் எடுக்காத ஆளைப் பஸ்ஸிலிருந்து இறக்குவதுபோல. அந்தச் சொல்லைக் கேட்ட பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் நான் எழுதுவது விளங்கும். இருமொழி வகுப்பில் அகப்பட்டுக்கொண்ட சக ஆசிரியர்களே, பெற்றோர்களே, உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். நடந்திராவிட்டால் இனி நடக்கும்.

மீன் கடையில் பச்சை

சனிக்கிழமை காலையில் சந்தைக்குப் போவதை நான் கிட்டத்தட்ட விட்டுவிட்டேன். மீனைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒரு பெற்றோர் முளைத்துவிடுவார். அன்றைக்கு முளைத்தவர் என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் அம்மா. "மல்லி, லொக்கு மாளு தென்ட" என்று கடைக்காரத் தம்பியிடம் சிங்களத்தில் பெரிய மீனாகத் தரச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் என்னிடம் திரும்பினார். அவர்களுடைய மாடிவீட்டுக்குக் கீழ்த்தட்டிலிருக்கும் பிள்ளை பச்சைக்குப் போய்விட்டதாம். இவருடைய மகள் இன்னமும் மஞ்சளிலேயே நிற்கிறாளாம். லிஃப்டில் அந்த அம்மாவைக் கண்டால் கதைக்க முடியவில்லையாம்.

பிள்ளைகள் ஒரே வேகத்தில் ஏறமாட்டார்கள், மஞ்சளில் நின்று நன்றாக வேர்விட்டால் பிறகு தானாக ஏறுவார்கள் என்று பயிற்சியில் படித்ததையெல்லாம் சொன்னேன். மீன் வெட்டி முடியும்வரை பொறுமையாகக் கேட்டார். பையை வாங்கிக்கொண்டு, ரகசியமான குரலில் சொன்னார்: "அதெல்லாம் சரி டீச்சர், அவ மஞ்சளையே வாசிக்கட்டும்; நீங்க மேலால ஒரு பச்சை ஸ்டிக்கரை ஒட்டிவிடுங்கோவன்."

ஒட்டிக்கொண்ட பக்கம்

அபிஷன் என்ற பையன் தண்ணீர் ஓடுவதுபோல வாசிப்பான். தட்டுத் தடங்கல் கிடையாது. கேட்கும்போது என்னுடைய சம்பளம் வீண்போகவில்லை என்று எனக்கே பெருமையாக இருக்கும். ஒருநாள் அவன் கொண்டுவந்த புத்தகத்தில் யாரோ ஜாம் பூசிய விரலை வைத்துவிட்டதால் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவன் ஒட்டிய தாள்களைச் சேர்த்துப் புரட்டினான். நடுவில் இருந்த பக்கங்கள் கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் வாசிப்பு நிற்கவில்லை. அந்தப் பக்கங்களில் உள்ளதும் ஒரு சொல் பிசகாமல் வந்தது. அவன் கண் என் மேசையிலிருந்த அழிறப்பரில் இருந்தது.

விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. பின்னேரங்களில் போகிற டியூஷனில் படிப்பிக்கிற சேர் இந்தப் புத்தகங்களையெல்லாம் போட்டோ கொப்பி எடுத்து வைத்திருக்கிறார். சிவப்பு முதல் நீலம்வரை பிள்ளைகளுக்கு வாய்ப்பாடம். இப்படி ஏமாற்றுவது சரியா என்று கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன். அபிஷனுக்கு என் கோபம் விளங்கவேயில்லை. புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினான். "எனக்கு இது தேவையில்லை மிஸ், வாசிக்கத் தெரியாத ஆருக்கும் குடுங்கோ."

அர்த்தம் வராது

அந்தச் சேரை ஒருநாள் போட்டோ கொப்பிக் கடையிலேயே பிடித்தேன். நல்ல மனிதர். இரண்டு பேருக்கும் பிளேன்டீ சொல்லி, கதிரையும் இழுத்துப் போட்டார். பிள்ளைகள் பாடமாக்கினால் வாசிப்பு எப்படி வரும், கதையில் என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாதே என்று நான் படபடத்தேன். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே, சோதனையில் என்ன கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். சத்தமாக வாசிக்கச் சொல்லி, வேகத்தையும் பிழையையும் பார்ப்போம் என்றேன். சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. அவர் என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். "அப்ப அர்த்தம் சோதனைக்கு வராதுதானே டீச்சர், வரத் தொடங்கினா சொல்லுங்கோ, அதையும் செய்து விடுவம்."

கிருலப்பனையில் ஓர் அமைதி

இது நடுவில் ஒரு சிரிப்புக்காக. பெற்றோர் கூட்டத்தில், வீட்டிலும் ஆங்கிலம் புழங்கினால் நல்லது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சொன்னது நானில்லை என்று நம்புகிறேன். கிருலப்பனையில் இருக்கும் ஓர் அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மறுநாள் முதல் வீட்டில் ஆங்கிலம் தவிர வேறொன்றும் கதைக்கக்கூடாது என்று கட்டளை. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசித்தால் விளங்கும், வாயில் வராது. ஆகவே அவர் உப்பு வேண்டுமானால் உப்புப் போத்தலைக் காட்டினார். கோபம் வந்தால் சட்டியை வைக்கும் சத்தத்தில் காட்டினார். அப்பாவும் அலுவலகத்தில் இங்கிலீஷ் பேசிக் களைத்து வருகிறவர். வீட்டுக்கு வந்தால் அவர் வாயிலும் வந்தது வானிலையும் சாப்பாடும்தான்.

சில வாரங்கள் கழித்து அவர்களுடைய மகளிடம், இப்போது வீட்டில் ஆங்கிலம் கதைக்கிறீர்களாமே, எப்படிப் போகிறது என்று விசாரித்தேன். பிள்ளை உண்மையான சந்தோஷத்துடன் சொன்னாள்: "நல்லாயிருக்கு மிஸ், இப்ப அப்பாவும் அம்மாவும் சண்டையே பிடிக்கிறேல்லை."

தர்சிகா

இனித் தர்சிகாவைப் பற்றிச் சொல்லவேண்டும். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். வருடத் தொடக்கத்தில்தான் எங்கள் பாடசாலையில் சேர்ந்தாள். அம்மா கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன பியூட்டி பார்லர் வைத்திருக்கிறார். டியூஷன் கிடையாது, பாடசாலை விட்டால் நேரே பார்லருக்குப் போய், அம்மா கடை பூட்டும்வரை அங்கேதான் இருப்பாள். வாசிக்கச் சொன்னால் விரலைச் சொல்லுக்குக் கீழே வைத்து, ஒரு சொல்லைப் பார்த்து, யோசித்து, உதட்டுக்குள் சொல்லிப் பார்த்து, பிறகுதான் வெளியே விடுவாள். நடுவில் ரயில் வந்தால் நிறுத்திவிடுவாள். ரயில் போனதும் வசனத்தை முதலிலிருந்து தொடங்குவாள். மற்றப் பிள்ளைகள் ரயிலோடு போட்டிபோட்டுக் கத்தி வாசித்து முடித்துவிடுவார்கள்.

எங்கள் பகுதித் தலைவி மிஸிஸ் ஆறுமுகம். கண்டிப்பானவர், ஆனால் அநியாயக்காரி அல்ல. நடுவருடத்தில் ஒருமுறை வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்து தர்சிகா வாசிப்பதைக் கேட்டார். அவள் அரைப் பக்கம் முடிப்பதற்குள் மணியடித்துவிட்டது. வாசலில் வைத்து, இவளை வருடக் கடைசியில் இறக்கத்தான் வேண்டிவரும் என்றார். அவள் எங்களுக்குப் பின்னால்தான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். மிஸிஸ் ஆறுமுகம் போனபின் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக் கேட்டாள். "என்னைய இறக்குனா, இந்தப் புத்தகமெல்லாம் வீட்டுக்குக் குடுக்க மாட்டீங்களா மிஸ்?"

புத்தகத்தின் மீது புகார்

பெற்றோர் என்னிடம் கொண்டுவரும் புகார்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம்: பிள்ளை முன்னேறவில்லை, பக்கத்து வாங்குப் பிள்ளை கிள்ளுகிறது, போத்தல் மூடி தொலைந்துவிட்டது. தர்சிகாவின் அம்மா கொண்டுவந்த புகார் எனக்குப் புதிது. ஒரு மத்தியானம் கடையை உதவிக்காரப் பெண்ணிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். கையில் மஞ்சள் ஸ்டிக்கர் புத்தகம். அதை மேசையில் வைத்து, "இதெல்லாம் ஒரு கதையாங்க டீச்சர்?" என்று தொடங்கினார். "அந்தப் புள்ள கொடையத் தொலைச்சிட்டு ஊரெல்லாம் தேடுது. கடைசியில பாத்தா கதவுக்குப் பின்னால இருக்குதாம். நல்லா இல்லீங்க. கடையில எல்லாருக்கும் ஏமாத்தமாப் போச்சு."

கடையில் எல்லாருக்குமா? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உங்களுக்கு ஆங்கிலம் தெரியுமா என்று கேட்டேன். ஏபிசியோடு சரி என்றார். பிறகுதான் விவரம் வந்தது. நூல் வைத்துப் புருவம் எடுக்கும்போது ஆள் அசையக்கூடாது, கதைக்கவும் கூடாது. வந்தவர் சிரித்தாலோ வாய் திறந்தாலோ நூல் வெட்டிவிடும். ஆகவே அந்த நேரத்தில் தர்சிகா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அன்றைய ஆங்கிலப் புத்தகத்தை முதலில் தனக்குள் வாசித்துப் பார்ப்பாள். பிறகு அதைத் தமிழில் கதையாகச் சொல்லுவாள். நன்றாகச் சொன்னால் அடுத்தவர்களும் காதைக் கொடுப்பார்கள். விளங்காமல் சொன்னால் உடனே கேள்வி வரும்: அப்ப அந்த ஆள் எதுக்கு அங்க போனான்? அதற்குப் பதில் சொல்ல அவள் திரும்பப் புத்தகத்துக்குள் போகவேண்டும்.

நான் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கவனியாமல் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "திருடன் வர்ற மாதிரி ஏதாச்சும் இருந்தாக் குடுங்க டீச்சர், ஐப்ரோவுக்கு வர்றவங்க ஆடாம அசையாம இருப்பாங்க."

கண் காட்டக் கூடாது

அடுத்த நாள் தர்சிகாவிடம் அவள் பார்த்திராத பச்சைப் புத்தகமொன்றைக் கொடுத்து, மௌனமாக வாசித்துவிட்டுத் தமிழில் சொல் என்றேன். முழுவதும் சொன்னாள். இரண்டு சொற்கள் மட்டும் தெரியவில்லை. அவற்றையும் என்னிடம் கேட்டுத்தான் மேலே போனாள். இவளைத்தான் நாங்கள் இறக்கப் போகிறோம். எனக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. நேரே மிஸிஸ் ஆறுமுகத்திடம் போய், தர்சிகா கதை சொன்னதைச் சொல்லி, சோதனையில் வாசித்து முடிந்தபின், அதில் என்ன நடந்தது என்று பிள்ளைகளைத் தமிழில் கேட்கவேண்டும் என்றேன்.

ஆங்கிலச் சோதனையில் தமிழுக்கு என்ன வேலை என்று கேட்டார். வகுப்புக்கு இருமொழி என்று பெயர் வைத்தது நாங்கள்தானே என்றேன். எல்லாப் பிள்ளைகளையும் அப்படிக் கேட்டால் நேரம் போதாது என்றார். நான் இடைவேளையை விட்டுத் தருகிறேன் என்றேன். என்னுடைய குரல் வேண்டியதைவிடக் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடியும்வரை நானும் நின்றேன். "சரி, இந்த முறை கேட்டுப் பாப்பம், ஆனா அந்தப் பிள்ளை வாய் திறக்காட்டி அண்டைக்கே இறக்கிற கடிதத்தில நீங்களும் கையெழுத்து வைக்கவேணும், பக்கத்தில நிண்டு கண் காட்டவும் கூடாது."

சோதனை நாள்

கதை ஒருவரும் பாடமாக்கியிராத புதுக் கதை. மிஸிஸ் ஆறுமுகமே தேர்ந்தெடுத்தார். பக்கத்து வீட்டுக்காரி ஊருக்குப் போகும்போது தன் பூனையை ஒரு சிறுமியிடம் விட்டுப் போகிறாள். பூனை தொலைந்துவிடுகிறது. சிறுமி பயந்து, அதேபோல் இன்னொரு பூனையைப் பிடித்துக் கட்டிவைக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி திரும்பி வந்து மணியடிக்கிறாள். கதவைத் திறந்தால் அவள் கையில் பழைய பூனை. அது அவளைத் தேடி அவளுடைய ஊருக்கே போயிருக்கிறது.

அபிஷன் பாடமாக்காமலேயே மழை பொழிவதுபோல வாசித்தான். பையனுக்கு நாக்கு அப்படி. மிஸிஸ் ஆறுமுகம் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, என்ன நடந்தது, தமிழில் சொல்லு என்றார். அவன் முதலில் அவரைப் பார்த்தான், பிறகு கூரையைப் பார்த்தான். கடைசியில் குற்றம் யாருடையது என்று தெளிவாகச் சொல்லிவிட்டான்: "இது சேர் இன்னும் செய்யேல்லை, மிஸ்." எனக்குச் சிரிப்பும் வந்தது, அவனை நினைத்துக் கவலையும் வந்தது.

பிறகு தர்சிகா. விரல் சொல்லுக்குக் கீழே போயிற்று. வழக்கம்போல ஒரு ரயில் வந்தது, அவள் நிறுத்தினாள், ரயில் போனதும் வசனத்தை முதலிலிருந்து தொடங்கினாள். மிஸிஸ் ஆறுமுகம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவழியாக வாசித்து முடித்தாள். என்ன நடந்தது என்று கேட்டார். தர்சிகா பேசவில்லை. தாளையும் பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பூனை, பூனை என்று சொல்லு பிள்ளை என்று என் வாய்வரை வந்துவிட்டது. ஒரு தடவை இருமினேன். இன்னொரு தடவை இருமப் போனேன். மிஸிஸ் ஆறுமுகம் தலையைத் தூக்காமலேயே சொன்னார்: "நீங்க கொஞ்சம் சும்மா இருங்கோ, பிள்ளை யோசிக்குது."

தர்சிகா நிமிர்ந்தாள். "எங்கயிருந்து ஆரம்பிக்கலாம்னு பாத்தேன் மிஸ்," என்றாள். ஆரம்பித்தாள். சிறுமியின் பயத்திலிருந்து ஆரம்பித்தாள். பூனையைத் தேடிய தெருக்களுக்குள் எங்களை நடத்திக்கொண்டு போனாள். அந்தச் சிறுமி செய்தது பொய்யா இல்லையா என்று ஒரு கேள்வியைப் போட்டு, அதற்குப் பதில் சொல்லாமலே மேலே போனாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து மணியடித்தாள். அந்த இடத்தில் தர்சிகா நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினாள். புருவம் எடுக்க வருகிறவர்களிடம் இப்படியான இடத்தில் நிறுத்தித்தான் அவளுக்குப் பழக்கம். கதையைத் தானே தேர்ந்தெடுத்து, முழுவதும் படித்து, தாளைக் கையில் வைத்துக்கொண்டிருந்த மிஸிஸ் ஆறுமுகம், கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். "பிறகு? பிறகு என்னம்மா நடந்தது?"

தடித்த புத்தகம்

தர்சிகாவை இறக்கவில்லை. பச்சை ஸ்டிக்கரை அவளுடைய புத்தகப் பையில் மிஸிஸ் ஆறுமுகமே ஒட்டினார். சத்தமாக வாசிப்பதில் இன்னும் பழகவேண்டும் என்றும் சொன்னார். சொன்னது சரிதான். அபிஷனையும் இறக்கவில்லை. அடுத்த வருடம் அவனும் தர்சிகாவும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். அவன் அவளுக்கு உரக்க வாசித்துக் காட்டவேண்டும், அவள் அவனுக்குக் கதையைச் சொல்லவேண்டும். டியூஷன் சேரும் சொன்ன சொல் தவறாதவர்; தமிழில் கதை சொல்லும் வகுப்புக்குச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்.

நல்ல செய்தியைச் சொல்லத் தர்சிகாவின் அம்மாவுக்கு நானே தொலைபேசி எடுத்தேன். பிள்ளை அந்த வகுப்பிலேயே இருக்கிறாள், இனி ஒரே இருப்பில் முடியாத, அத்தியாயம் பிரித்த தடித்த புத்தகங்கள் வீட்டுக்கு வரும் என்றேன். அந்தப் பக்கத்தில் அழுகிறார் என்று தெரிந்தது. மூக்கை உறிஞ்சிவிட்டு, வியாபாரக் குரலுக்குத் திரும்பினார்: "முடியாமப் பாதியில நிக்குமாங்க டீச்சர்? அப்ப மிச்சத்தக் கேக்க மறுநாளும் வருவாங்களே!"

பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா என்று அறிய, என்ன நடந்தது என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்; இந்தத் தொழிலில் நான் இன்னும் சிவப்பு ஸ்டிக்கரைத் தாண்டாதது அந்த இரண்டாவதில்தான்.